ஆட்டுப்பட்டிக்கு வேலி: மூலைக்கால் எவ்வளவு ஆழம் போட வேண்டும்?

அறந்தாங்கிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில், துவாஸில் கட்டுமான வேலை பார்க்கிறேன், ஒன்பது வருடமாகிறது. புரட்டாசியில் 24 நாள் லீவு. அதற்குள் ஊரில் அப்பாவின் ஆடுகளுக்கு வேலி போட்டு முடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று இருக்கிறேன்.

இடம் அரை ஏக்கர், 150 அடிக்கு 145 அடி. வெள்ளாடு 22, அதில் குட்டி ஏழு. போன வருடம் ஒருவரிடம் மொத்தமாகப் பேசிப் பணம் அனுப்பினேன். ஐப்பசி மழையில் ஒரு பக்கம் முழுக்கச் சாய்ந்துவிட்டது. ஆடுகள் பக்கத்துக் கொல்லையில் கடலைச் செடியை மேய்ந்துவிட்டன. அப்பாவுக்கு வயது 68. அந்தக் கொல்லைக்காரர் வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டாராம். அதை அம்மா போனில் சொன்ன அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

சாய்ந்த கால்களைப் பிடுங்கிப் படம் அனுப்பச் சொன்னேன். ஆறடிக் குழாய், மண்ணுக்குள் போயிருந்தது ஒரே அடி. சிமெண்ட் கிண்ணம் மாதிரி மேலே அகலம், கீழே குறுகல். இதே கொல்லையின் கிழக்குப் பக்கம் தாத்தா நட்ட கல்லுக்கால்கள் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோதுகூட அசையவில்லை. எனக்குக் கான்கிரீட் தெரியும், வேலி தெரியாது. கேட்க வேண்டியது இவ்வளவுதான்: மூலைக்கால் எவ்வளவு ஆழம்? ஒன்றரை அடிக்குக் கீழே செம்புரான் பாறை (கெட்டியான செந்நிறக் கல்) வரும், அதை எப்படித் தோண்டுவது? இரும்புக் குழாயா, கல்லுக்காலா?

செம்பவாங் பெரியவர்:

தம்பி, அப்பாவை நினைத்து நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பதில் போடாமல் இருக்க முடியவில்லை. நான் இங்கேயே பிறந்தவன். அப்பா கடற்படைத் தளத்தில் வேலை பார்த்துக்கொண்டே கம்பத்து (கிராமத்து) வீட்டில் நாலு மாடு வைத்திருந்தார். 1968-ல் எனக்குப் பன்னிரண்டு வயது. குழி தோண்ட அவர், மண் அள்ள நான். செம்பவாங் மண் ஒட்டுகிற செங்களி. மத்தியானம் மழை வந்தால் காலையில் எடுத்த குழியெல்லாம் தண்ணீர் நிறைந்துவிடும். அதனால் அன்று நட முடிகிற அளவுக்குத்தான் அன்று குழி எடுப்பார். திறந்த குழியை ராத்திரி விட்டுவைத்தால் கன்றுக்குட்டி கால் ஒடியும் என்பார்.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். வரிசைக்கால் ஏழடி வாங்குங்கள். இரண்டடி உள்ளே, ஐந்தடி வெளியே. மூலைக்கால் எட்டடி, அதில் மூன்றடி கட்டாயம் மண்ணுக்குள். எட்டடிக்கு ஒரு கால் என்றால் 590 அடிச் சுற்றுக்கு ஏறக்குறைய 75 கால் ஆகும். பணம் குறைகிறது என்றால் வரிசைக்காலில் மெல்லிய குழாய் போடுங்கள், மூலையில் கை வைக்காதீர்கள். வலையை இழுத்துக் கட்டும்போது அந்த இழுவை முழுவதையும் தாங்குவது மூலைக்கால்தான். நடுவில் இருப்பவை வலையை நிமிர்த்திப் பிடிக்கின்றன, அவ்வளவுதான்.

ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு முட்டுக்கால் வேண்டும், வேலி போகிற இரண்டு திசையிலும் ஒவ்வொன்று. மூலைக்காலின் முக்கால் உயரத்தில் முட்டுக் கொடுத்து, அடியைத் தனிக் குழியில் கான்கிரீட்டில் நிறுத்துங்கள். அப்புறம் குழியின் வடிவம். உங்கள் ஆள் செய்த கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தால்தான் சரியான குழி: மேலே குறுகல், அடியில் அகலம். மண் ஊறினாலும் மேலே தூக்காது.

இரும்பு துருப்பிடிப்பதும் மரம் உளுப்பதும் அடியில் அல்ல, மண்மட்டத்தில் நாலு விரல் மேலும் கீழும்தான். காற்றும் ஈரமும் சேருகிற இடம் அது. என் அப்பா மாதம் ஒரு தடவை அந்த இடத்தில் கத்தியால் குத்திப் பார்ப்பார். ஆட்டு மூத்திரமும் சேர்ந்தால் இரும்பு இன்னும் சீக்கிரம் போகும். அதனால் கான்கிரீட்டைத் தரைக்கு மேலே மூன்று விரல் எழுப்பி, தண்ணீர் வழிந்தோட வெளிப்பக்கம் சரிவாகத் தேய்த்துவிடுங்கள். குழாயின் மேல்வாயை மூடி போட்டு அடைக்க மறக்காதீர்கள். இங்கே அடுக்குமாடி புளோக்கில் துணி காயப்போடும் கம்பைச் செருகும் துவாரத்தை மூடி வைக்கச் சொல்கிறார்களே, அதே காரணம்தான். திறந்த குழாயில் மழைத்தண்ணீர் நின்று கொசு வளரும், துருவும் உள்ளிருந்து பிடிக்கும்.

உங்கள் தாத்தா போட்ட மாதிரி கல்லுக்கால் கிடைத்தால் மூலைக்கு அதைவிட நல்லது இல்லை.

காங்கேயத்து மருமகள்:

பெரியவர் சொன்னதோடு ஆட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன் தம்பி. இங்கே ஈசூனுக்கு வருவதற்கு முன் மாமியார் வீட்டில் ஆறு வருடம் ஆடு பார்த்தவள் நான். வெள்ளாடு வேலியைத் தள்ளாது, முன்னங்காலைத் தூக்கி வைத்து ஏறும். வலையைக் காலுக்கு வெளிப்பக்கம் கட்டினால் அந்தப் பாரத்தில் கட்டுக்கம்பி ஒவ்வொன்றாக விட்டுப்போகும். ஆடு நிற்கிற உள்பக்கம் கட்டுங்கள், பாரம் காலில் போய் விழும். முட்டுக்காலும் வலைக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே இருந்தால் அதையே ஏணியாக்கிக்கொண்டு வெளியே போய்விடும்.

வலைக் கண் நாலு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். எங்கள் வீட்டில் ஆறு அங்குலக் கண் போட்டிருந்தோம். கொம்பு முளைத்த ஒரு கிடாக்குட்டி தலையை விட்டு எடுக்க முடியாமல், வெயிலில் நின்றே செத்துப்போனது. நான் சாயங்காலம்தான் பார்த்தேன். இன்றும் அந்த இடம் கண்ணில் நிற்கிறது. கீழே இரண்டடிக்காவது இன்னும் சின்னக் கண் வலை வையுங்கள், குட்டிகள் அந்தப் பக்கம்தான் நுழையும்.

எங்கள் பக்கம் கொறங்காட்டுக்கு, அதாவது மேய்ச்சல் காட்டுக்கு, கிளுவை என்கிற முள்மரம்தான் வேலி. போத்தை (கிளைக்குச்சியை) வெட்டி நெருக்கமாக ஊன்றிவிட்டால் மழையில் வேர் பிடித்துக்கொள்ளும். வருடாவருடம் கவாத்து செய்து, இடைவெளி விழுந்தால் புதுப் போத்து செருக வேண்டும். நீங்கள் போகிற சமயம் மழைக்கு முந்தின சமயம், பொருத்தமானது. வலைக்கு வெளியே ஒரு வரிசை ஊன்றிவிட்டு வாருங்கள். நாலைந்து வருடத்தில் குழாய் துருப்பிடித்தாலும் உயிர்வேலி நிற்கும்.

துவாஸ்_சைட்:

நானும் புதுக்கோட்டைப் பக்கம்தான் அண்ணே. செம்புரானை அப்படியே கடப்பாரையால் அடித்தால் தோள்பட்டைதான் போகும். முதல் நாள் சாயங்காலமே ஒரு அடி தோண்டி, குழி நிறையத் தண்ணீர் ஊற்றி விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் ஓரளவு பெயரும். மூன்றடி போகவே போகாத இடத்தில் அகலமாக எடுத்துக் கான்கிரீட்டைக் கூட்டிப் போடுங்கள்.

இன்னொன்று. இங்கே சைட்டில் உரிமம் உள்ளவர் வந்து மின்கேபிள் எங்கே போகிறது என்று பார்த்துக் குறிக்காமல் நம்மை மண்ணைத் தொட விடுவதில்லை. ஊரில் அப்படி யாரும் வரமாட்டார்கள். போர் மோட்டாருக்குப் போகிற ஒயரும் பைப்பும் எந்தப் பக்கம் புதைத்திருக்கிறது என்று இப்போதே அப்பாவிடம் கேட்டு, சுண்ணாம்பால் கோடு போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

அறந்தாங்கிக்காரன்:

ஐயா, அக்கா, தம்பி, மூவருக்கும் மனதார நன்றி. தேதி வாரியாக எழுதி வைத்துவிட்டேன். முதல் மூன்று நாள் மூலைக்கால், வாசல் கால், முட்டு. அது இறுகுவதற்கு ஒரு வாரம் தண்ணீர் விட்டுக்கொண்டே வரிசைக்கால். பத்தாம் நாளுக்கு முன் வலையை இழுக்கப் போவதில்லை. கடைசி இரண்டு நாள் கிளுவை. மூலைக்குக் கல்லுக்காலே போடுகிறோம். வாசலையும் சேர்த்து ஆறு வேண்டும், அப்பா கல் குவாரியில் விலை கேட்கப் போயிருக்கிறார்.

நேற்று ராத்திரி மோட்டார் ஒயரைப் பற்றிக் கேட்டேன். தென்மேற்கு மூலைக்கு நேர் கீழே போகிறதாம். அந்த மூலையை மூன்றடி உள்ளே தள்ளச் சொல்லிவிட்டேன். கொஞ்ச இடம் வெளியே போகிறது, பரவாயில்லை. அக்கா, அறந்தாங்கிப் பக்கம் கிளுவைப் போத்து எங்கும் கண்ணில் படவில்லை. காங்கேயத்திலிருந்து வெட்டி எடுத்துப் போனால் எத்தனை நாள் வாடாமல் இருக்கும்?

காங்கேயத்து மருமகள்:

நிழலில் ஈரச்சாக்கு சுற்றி வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும் தம்பி. கட்டைவிரல் தடிமனுக்குக் குறையாமல், நாலடி நீளமாக வெட்டச் சொல்லுங்கள். வெட்டின வாய் ஒரு நாள் ஆறட்டும், அப்புறம் ஊன்றுங்கள். என் கொழுந்தனாரிடம் சொல்லி வைக்கிறேன், நீங்கள் இறங்குகிற தேதியை மட்டும் எழுதுங்கள்.