அலமாரி ஆர்டருக்குக் கோட்டுப் படமா, த்ரீடியா?

மூலமட்டம்:
ஒரு வாட்ஸ்அப் குழுவில் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்: "ஆட்டோகேட் மென்பொருளில் போட்ட கோட்டுப் படத்தை எந்த வாடிக்கையாளர் பார்க்கிறார்? நிஜம் போலத் தெரியும் த்ரீடி படம் அனுப்பு, அட்வான்ஸ் வாங்கு." எனக்கு ஒப்புதல் இல்லை. அளவெடுத்துச் செய்யும் மரச்சாமானுக்கு வீட்டுக்காரர் முதலில் பார்க்க வேண்டியது பிளான் (மேலிருந்து பார்க்கும் படம்), எலிவேஷன் (நேர் முன்னால் நின்று பார்க்கும் படம்), செக்‌ஷன் (குறுக்கே வெட்டி உள்ளே காட்டும் படம்) மூன்றையும்தான். த்ரீடி அப்புறம் வரட்டும்.

படுக்கையறை அலமாரியையே எடுத்துக்கொள்வோம். ஹேங்கர் அகலம் 17, 18 அங்குலம். சட்டைத் தோள் கதவில் உரசாமல் தொங்க 22 அங்குல உள்ளாழமாவது வேண்டும். கீல் வைத்த கதவென்றால் மொத்தம் 2 அடியில் முடித்துவிடலாம். அதையே ஸ்லைடிங் ஆக்கினால், ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இரண்டு கதவும் தடமும் 3, 4 அங்குலத்தைத் தின்றுவிடும். அலமாரி 26 அங்குலத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் சட்டை கோணலாகத்தான் தொங்கும். முன்பக்கத்திலிருந்து எடுத்த பளபளப்பான படத்தில் இந்த வித்தியாசம் துளியும் தெரியாது. செக்‌ஷனில் பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

டிராயரும் அப்படித்தான். வெளியே 450 மி.மீ. அகலம். இரண்டு பக்கமும் 18 மி.மீ. பிளைவுட், அதில் 36 போச்சு. டிராயர் ஓடும் உலோகத் தடமான டெலஸ்கோபிக் சேனலுக்குப் பக்கத்துக்கு 13 வீதம் 26. டிராயர் பெட்டியின் பக்கப் பலகை 12 மி.மீ. என்றால் இன்னொரு 24. கையில் மிஞ்சுவது 364. ஒன்றரை அடி என்று நம்பியவருக்குப் பதினாலு அங்குலம் சொச்சம்தான். இதை வேலை தொடங்கும் முன்பே அவருக்குச் சொல்லிவிட வேண்டாமா?

வெளிச்சம்:
கணக்கெல்லாம் சரி சார். அதைப் பார்க்க வேண்டியவர் ஆசாரி, வீட்டுக்காரர் இல்லை. கீல் எந்தப் பக்கம் என்று காட்ட எலிவேஷனில் கதவின் மேல் விட்டுவிட்டுக் கோடு போட்டு, முனையைக் கீல் பக்கம் வைப்போம் இல்லையா? ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு, கதவுல இந்த அம்புக்குறி டிசைன் மட்டும் வேண்டாம்மா" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் குறியை யார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

இன்டீரியர் தொழிலில் இருக்கிறேன். மக்கள் முடிவெடுப்பது நிறத்தையும் வெளிச்சத்தையும் அறை எப்படி மாறப்போகிறது என்பதையும் பார்த்துத்தான். எலிவேஷனில் தேக்கு வெனீரும் வெள்ளை மைக்காவும் ஒரே மாதிரி நாலு கோடு.

இழைப்புளி:
நான் ஆசாரி. ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், பேப்பரில் இருக்கும் அறை வேறு, வேலை செய்யும் அறை வேறு. பூச்சு முடிந்த சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள், மேலிருந்து கீழே வருவதற்குள் அரை அங்குலம் விலகியிருக்கும். ஆட்டோகேட் படத்தில் எல்லா மூலையும் 90 பாகை. அந்த அளவுக்குப் பலகை அறுத்துக்கொண்டு போனால் ஒரு ஓரம் சுவரில் முட்டும், மறு ஓரத்தில் விரல் நுழையும்.

அளவையும் எங்கள் பாஷையில் எழுதுங்கள். கதவுக்கும் கதவுக்கும் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், விடு என்றால் பையன்களுக்கு உடனே புரியும். 3 மி.மீ. என்றால் டேப்பைத் திருப்பிப் பிடித்துத் தேடுவார்கள்.

நான் செய்வது இதுதான்: சாக்பீஸால் சுவரிலேயே முழு அளவில் வரைந்துவிடுவேன். தரையில் 2 அடி தள்ளி மாஸ்கிங் டேப். "இதுவரைக்கும் அலமாரி வரும், நடந்து பாருங்க" என்பேன். வீட்டுக்காரம்மா கையைத் தூக்கி, மேல் தட்டு எட்டவில்லை என்று அவங்களே சொல்வாங்க.

மூலமட்டம்:
அண்ணே, அதுவும் டிராயிங்தானே, 1:1 அளவில் எலிவேஷன். டென்மார்க்கின் நாற்காலிக்காரர்களும் முழு அளவில் வரைந்து பார்த்துத்தான் செய்தார்கள். ஆனால் சாக்பீஸ் கோடு பெயின்ட் அடித்ததும் போய்விடும். மூணு மாதம் கழித்து "நான் நாலு டிராயர் கேட்டேன்" என்று தகராறு வந்தால் எதைக் காட்டுவீர்கள்?

குடிவந்தவன்:
நான் வீட்டுக்காரர் கட்சி. போன வருஷம் வேலை எடுத்தவர் எங்களுக்குக் காட்டியது த்ரீடி மட்டும். அறை ஹால் மாதிரி விரிந்து கிடந்தது. குடிவந்த பிறகுதான் கவனித்தேன், படத்தில் போட்டிருந்த கட்டில் 5 அடி அகலம், எங்களுடையது 6. நடைபாதை அங்கேயே காணாமல் போய்விட்டது.

அளவு போட்ட படம் வேண்டும் என்று நான் கேட்கவும் செய்தேன். "அது கார்பென்டருக்கு சார், உங்களுக்குப் புரியாது" என்றார். வெளிச்சம் மேடம் சொல்வதும் ஏறக்குறைய அதேதான். வீட்டுக் கடன் பத்திரத்தையே வரிவரியாகப் படித்தவனுக்கு நாலு கோடு புரியாதா?

வெளிச்சம்:
புரியாது என்று மூடி வைப்பவர் நான் இல்லை. அகலக் கோணக் கேமரா வைத்து பத்துக்குப் பத்து அறையைக் கல்யாண மண்டபமாகக் காட்டுவது அவருடைய தந்திரம். ஸ்கெட்ச்அப் என்ற த்ரீடி மென்பொருளில் கண் உயரத்தில் கேமராவை வைத்து, வீட்டில் இருக்கும் கட்டிலின் சரியான அளவைப் போட்டால் த்ரீடி பொய் சொல்லாது.

நான் தயங்குவதற்கு இன்னொரு காரணம் உண்டு, யாரும் வெளியே சொல்வதில்லை. அளவு போட்ட முழுப் படத்தையும் முதல் சந்திப்பிலேயே கொடுத்தால், அதே தாள் அடுத்த வாரம் வேறு கடையில் இருக்கும். "இதையே எவ்வளவுக்குச் செய்வீங்க?" உழைப்பு நமது, ஆர்டர் அவருக்கு.

மூலமட்டம்:
சட்டம் உங்கள் பக்கம்தான். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் வரைபடமும் கலைப்படைப்பு. கலைநயம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. தாளில் இருப்பதைப் பொருளாகச் செய்யும் உரிமையும் வரைந்தவருக்கே. ஐம்பது பிரதிக்கு மேல் தொழில்முறையில் தயாரிக்கும்போதுதான் டிசைன் பதிவு விவகாரம் குறுக்கே வரும். நம் ஒற்றை அலமாரி அந்தப் பக்கமே போகாது.

வெளிச்சம்:
ஒரு அலமாரிக்காக நீங்கள் கோர்ட்டுக்குப் போவீர்களா?

மூலமட்டம்:
மாட்டேன். வரைபடத்துக்குத் தனியாகக் கட்டணம் வாங்குவேன், ஆர்டர் கொடுத்தால் பில்லில் கழித்துக்கொள்வேன். காசு கொடுத்தபின் தாளை எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகட்டும்.

பழையபேப்பர்:
குறுக்கே வருகிறேன். 1754இல் லண்டன் தச்சர் தாமஸ் சிப்பன்டேல் தன் டிசைன்களைச் செப்புத்தகட்டில் வெட்டிப் புத்தகமாகவே விற்றார். வாங்கியவர்களில் பிரபுக்களும் உண்டு, போட்டித் தச்சர்களும் உண்டு. அமெரிக்கா வரைக்கும் பார்த்துச் செய்தார்கள். அதில் எனக்குப் பிடித்த வித்தை ஒன்று: ஒரே சாமானின் இடப்பாதியில் ஒரு வேலைப்பாடு, வலப்பாதியில் வேறொன்று. ஒரே படத்தில் இரண்டு தேர்வு. இன்றைக்கும் ஒரே எலிவேஷனில் பாதியைக் கைப்பிடியோடும் பாதியைக் கைப்பிடி இல்லாமலும் வரைந்து காட்டலாமே.

வெளிச்சம்:
இதை நான் எடுத்துக்கொள்கிறேன்!

மூலமட்டம் சாருக்கு ஒரு கேள்வி. தாளில் ஸ்கேல் 1:20 (நிஜ அளவில் இருபதில் ஒரு பங்கு) என்று போடுகிறீர்கள். அவர் அதை போனில் விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறார். அங்கே ஸ்கேலுக்கு என்ன அர்த்தம்?

மூலமட்டம்:
ஒன்றுமில்லை. அதனால் அளவுகளை எண்ணாகவே எழுதுவேன், ஓரத்தில் ஓர் ஆள் உருவமும் நிற்கும். வீட்டம்மா உயரம் 5 அடி என்றால் அந்த உருவமும் 5 அடி. செக்‌ஷனில் மடித்த சேலை, பெரிய சூட்கேஸ், இஸ்திரிப் பலகை எல்லாம் வரைந்துவிடுவேன். ஆசாரிக்கான தாள் வேறு. பிளைவுட் தரம் ஐஎஸ் 303ஆ (பொது உபயோகம்) 710ஆ (மரைன்), பின்பலகை எத்தனை மி.மீ. என்பதெல்லாம் அதில் போகும். வீட்டுக்காரர் இரண்டிலும் கையெழுத்துப் போட வேண்டும்.

இழைப்புளி:
அந்த ரெண்டாவது தாளில் நூல் கணக்கும் போடுங்க. அப்புறம் சுவிட்ச் பாக்ஸ் எங்கே இருக்கு, சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை எத்தனை அங்குலம் என்பதையும். அதை ஒருத்தரும் வரைவதில்லை, நாங்கதான் கடைசி நாளில் பலகையை வெட்டிக்கொண்டு நிற்கிறோம்.

குடிவந்தவன்:
இத்தனை பேர் கூடியிருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். இரண்டாவது படுக்கையறை 10 அடி. கட்டில் நீளம் ஆறரை அடி, தலைமாடு ஒரு சுவரில், எதிர்ச் சுவரில் அலமாரி. ஸ்லைடிங்கா, கீலா?

இழைப்புளி:
120 அங்குலத்தில் கட்டில் 78, அலமாரி 24. மிச்சம் 18. ஸ்லைடிங் போட்டால் 16தான். கீல் வைக்கலாம், ஆனால் கதவு ஒவ்வொன்றும் 15 அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

வெளிச்சம்:
18 அங்குலச் சந்தில் கதவைத் திறந்தால் ஆள் எங்கே நிற்பது? கட்டில்மேல் ஏறியா? நான் ஸ்லைடிங் என்பேன், ஆழம் குறைந்தாலும் பரவாயில்லை. ஒரு பகுதியில் முன்பின்னாக இழுக்கும் ஹேங்கர் கம்பி வைத்துக்கொள்ளலாம்.

மூலமட்டம்:
கட்டிலைத் திருப்பிப் போட முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். ஜன்னல் எந்தச் சுவரில், வாசல் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? கையால் ஒரு பிளான் கிறுக்கி இங்கே போடுங்கள்.