டேஷ்போர்டுக்கு எதைப் பூசுவது?

பாளைவாசி:
வண்டி பகல் முழுக்க வெயிலில்தான் நிற்கிறது. டேஷ்போர்டு வெளுக்க ஆரம்பித்துவிட்டது. கதவு பீடிங் ரப்பரும் விறைத்துப்போய், மூடும்போது கிறீச் என்கிறது. வாட்டர் சர்வீஸ் கடையில் பெயர் போடாத கேனிலிருந்து எதையோ பூசிவிட்டார்கள். பளபளவென்று இருக்கிறது, ஆனால் ஒரே பிசுபிசுப்பு. விரல் வைத்தால் ரேகை விழுகிறது. எதை வாங்கலாம்?

வள்ளியூர் டிராவல்ஸ்:
இதற்குப் போய் இவ்வளவு யோசனையா தம்பி? நான் பல வருஷமாகக் கேன் சரக்குதான் பூசுகிறேன். டேஷ்போர்டு மின்னாவிட்டால் வண்டியைத் துடைக்கவே இல்லை என்று சவாரிக்காரர் முகம் சுளிப்பார். பீடிங்குக்குத் துணியில் கொஞ்சம் டீசல் தொட்டுத் துடையுங்கள், கறுகறுவென்று வந்துவிடும்.

தென்காசிப் பட்டறை:
அண்ணாச்சி, டீசல் மட்டும் வேண்டாம். கதவு பீடிங் பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர். வெயிலையும் மழையையும் நன்றாகத் தாங்கும். பெட்ரோலிய எண்ணெய் பட்டால்தான் ஊறி உப்பிவிடும். அப்புறம் தொளதொளத்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். வேஸ்லினும் அதே இனம்தான். சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, சிலிக்கோன் கிரீஸை விரலில் தொட்டு மெல்லிசாக இழுத்துவிட்டால் கிறீச் போய்விடும்.

ஜங்ஷன்காரன்:
சிலிக்கோனா? அதுதானே டேஷ்போர்டு மேலே இருக்கிற வினைல் பிளாஸ்டிக்கை வறட்டி வெடிக்க வைக்கிறது என்கிறார்கள்! நான் தேங்காய் எண்ணெய்தான் தடவுகிறேன். கெமிக்கல் வம்பே இல்லை.

தென்காசிப் பட்டறை:
தேங்காய் எண்ணெய் வெயிலில் காறல் வாடை அடிக்கும், நம்மூர்ச் செம்மண் தூசி அப்படியே அப்பிக்கொள்ளும். வினைலை மிருதுவாக வைப்பது அதில் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர். சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுவதால்தான் வினைல் விறைத்து வெடிக்கிறது. முன்கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்தால் துணியில் ஒரு வழுவழுப்பு ஒட்டுமே, அதில் இதுவும் சேர்த்தி. சிலிக்கோன் பாட்டுக்கு மேலே கிடக்கும், வினைலை ஒன்றும் செய்யாது. சந்தேகப்பட வேண்டியது அதோடு கலந்த கரைப்பானை. மூடியைத் திறந்ததும் தின்னர், மண்ணெண்ணெய் வாடை அடித்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். தண்ணீரில் கலந்தது என்று லேபிளில் இருக்க வேண்டும். 303 ஏரோஸ்பேஸ் புரொடெக்டன்ட் அந்த ரகம். யூவி தடுப்பு உண்டு, மினுக்கம் கிடையாது. விலைதான் கடிக்கும்.

வள்ளியூர் டிராவல்ஸ்:
மினுக்காத சரக்குக்கு எதற்கு அவ்வளவு காசு?

தென்காசிப் பட்டறை:
சாயங்காலம் ஆலங்குளம் தாண்டி மேற்கே ஓட்டிப் பாருங்கள் அண்ணாச்சி. வெயில் நேர் எதிரே அடிக்கும். மின்னுகிற டேஷ்போர்டு முழுசும் முன்கண்ணாடியில் தெரியும், எதிரே வரும் டூவீலர் தெரியாது. ஸ்டியரிங், பெடல் பக்கம் எந்தச் சரக்கையும் கொண்டுபோகாதீர்கள், வழுக்கும். டேஷ்போர்டிலும் நேராக ஸ்பிரே அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள். சுவிட்சுக்குள் இறங்கினால் வேறு செலவு.

களக்காட்டுக்காரி:
எதைப் பூசினாலும் வெயிலை மறைப்பதற்கு ஈடாகாது. கண்ணாடிக்குச் சன்ஷேடு வைத்து, வேப்பமரத்தடியில் நிறுத்திப் பாருங்கள்.

ஜங்ஷன்காரன்:
மரத்தடியில் நிறுத்தினால் காக்கா எச்சம் பெயின்ட்டைப் பதம் பார்க்குமே அக்கா.

பாளைவாசி:
சன்ஷேடு வாங்கிவிடுகிறேன். ஏற்கெனவே பூசின பிசுபிசுப்பை எப்படி எடுப்பது?

தென்காசிப் பட்டறை:
கார் ஷாம்பு கொஞ்சம் கலந்த தண்ணீரில் மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். ஒரே தடவையில் போகாது. முழுக்க எடுத்த பிறகுதான் புதுசைப் பூச வேண்டும்.

வள்ளியூர் டிராவல்ஸ்:
டீசல் சங்கதியை யோசிக்கிறேன். மினுக்கத்தை விடுவதாக இல்லை. சவாரி குறைந்தால் உங்கள் பட்டறையா தம்பி டியூ கட்டும்?