பழைய நீதிமன்றச் சுவருக்குச் சீமெந்து பூசலாமா?

குளக்கட்டு:
முல்லைத்தீவு மாவட்டத்தில் எமது ஊரிலுள்ள ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றக் கட்டடம் போருக்குப் பின் கூரையின்றி நிற்கிறது. ஓடு, வளை, கைமரம் எதுவும் மிஞ்சவில்லை. விறாந்தைத் தூண்களும் இரண்டடி அகல முருகைக்கற் சுவர்களும் மாத்திரமே உள்ளன. அதை ஊர் நூலகமாக்க எமது சங்கம் விரும்புகிறது. பழைய சாந்தைக் கொத்திவிட்டுச் சீமெந்து பூசி மூன்று மாதத்தில் முடித்துத் தருவதாக ஒப்பந்தகாரர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கிழக்குச் சுவரிலுள்ள துப்பாக்கிச் சன்னத் துளைகளை மூடுவதா விடுவதா என்பதிலும் எம்மிடையே உடன்பாடில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

நீற்றுச்சுண்ணாம்பு:
தம்பி, சீமெந்துக்குச் சம்மதிக்க வேண்டாம். முருகைக்கல் கடலில் விளைந்த கல். உள்ளே உப்புண்டு, மாரியில் நிலத்தின் ஈரத்தையும் உறிஞ்சும். சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சீமெந்து அடைத்து வைப்பதால், ஈரம் காயும் இடத்தில் உப்புப் படிகமாகி, பூச்சைத் தள்ளி விழுத்துவதோடு கல்லின் முகத்தையும் மாவாக்கிவிடும். நான் மேசன் வேலை பார்த்த பழைய கட்டடம் ஒன்றில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்றபோது கல்லும் அதனோடு சேர்ந்தே வந்தது. அந்தச் சுவரைப் பிறகு எங்களால் மீட்க முடியவில்லை.

சுண்ணாம்பைக் குழியில் நீற்றி, சில வாரங்களாவது நீருக்கடியில் ஊறவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு உப்பற்ற ஆற்றுமணல் சேர்த்துக் குழையுங்கள். ஆனால் முதலில் கூரை. சுவரின் தலை திறந்திருக்கும்வரை கீழே பூசுவதெல்லாம் வீண். மாரி ஓய்ந்து தை பிறந்ததும் மரவேலையைத் தொடங்கலாம். பூச்சு வேலை கச்சான் காற்று வீசும் காலத்துக்குள் நீண்டால், அந்த வறண்ட காற்று சாந்தை வெடிக்கச் செய்யும் என்பதால், நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டு மெல்லக் காயவிட வேண்டும். உதிர்ந்து கிடக்கும் முருகைக்கற்களை ஒன்றுவிடாமல் சேர்த்து வையுங்கள். கடலில் புதிதாக வெட்டியெடுப்பதற்குச் சட்டத்தில் தடையுண்டு.

வவுனியா வாசகி:
வேலைக்கு முன் கட்டடத்தின் உரித்தையும் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா என்பதையும் தெளிவாக்குங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றையே பழைய நினைவுச்சின்னங்களாகக் கொள்கிறது. அதற்குப் பிந்திய கட்டடம் பாதுகாப்புப் பெற அரச வர்த்தமானி அறிவித்தல் வேண்டும். உங்கள் கட்டடம் அப்படி அறிவிக்கப்பட்டிருந்தால், தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றி ஒரு கல்லையும் தொட முடியாது. பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

துளைகளைப் பற்றி: என் தகப்பனாரின் காணி வழக்கு இத்தகைய ஒரு விறாந்தையில்தான் ஆண்டுக்கணக்கில் தவணை போனது. அவர் காத்திருந்த காலமும் பின்னர் வந்த காலமும் அந்தச் சுவருக்கே உரியவை. நீர் புகும் ஆழமான துளைகளைச் சுண்ணாம்பால் அடையுங்கள்; மேலோட்டமானவற்றை விட்டுவிடுங்கள். அங்கே படிக்க வரும் பிள்ளைகள் கேட்டால் பெரியவர்கள் பதில் சொல்லட்டும்.

குளக்கட்டு:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒப்பந்தகாரரிடம் பொறுக்கச் சொல்லிவிட்டேன். பிரதேச செயலகத்துக்கான கடிதத்தை இன்றிரவு எழுதுகிறேன். ஐயா, கூரைக்கு முதிரை மரம் கிடைப்பது அரிதாக இருக்கிறது. வைரம் பாய்ந்த பனை வளைகளையே பயன்படுத்தினால் இருபதடி அகல மண்டபத்துக்குத் தாங்குமா?

நீற்றுச்சுண்ணாம்பு:
நடுவில் தாங்கலின்றி இருபதடிக்குப் பனையை மட்டும் நம்ப மாட்டேன். சுவரின் மேல்விளிம்பில் பழைய வளைகள் இருந்த பொந்துகள் தெரியும்; அவற்றின் அகலத்தையும் இடைவெளியையும் அளந்து எழுதுங்கள், முன்பு என்ன மரம் எப்படிப் போட்டிருந்தார்கள் என்பதை அதிலிருந்து கணிப்போம்.