நாகப்பட்டினத்தில் நிற்கிறோம்: நண்பருக்கு அடிபட்ட நிலையில் மிதிவண்டிப் பயணத்தைத் தொடரலாமா?

கேள்வி: கடலோரவழி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கன்னியாகுமரி வரை மிதிவண்டியில் செல்வதென்று நானும் என் நண்பரும் தை மாதக் கடைசியில் புறப்பட்டோம். முதல் நாளிலேயே புதுச்சேரி வரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஓட்டிவிட்டோம். வாடைக்காற்று முதுகுப் பக்கமிருந்து தள்ளிக்கொண்டே வந்ததால் களைப்புத் தெரியவில்லை. நாள் முழுவதும் பெரிய கியரிலேயே மிதித்தோம். இரண்டாம் நாள் சிதம்பரத்தை அடைந்தபோது நண்பருக்கு வலது முழங்காலின் முன்பக்கம், சில்லுக்குச் சற்றுக் கீழே, வலி தொடங்கியது.

மூன்றாம் நாள் சீர்காழியைத் தாண்டியதும், அறுவடை முடிந்து சாலையில் பரப்பியிருந்த வைக்கோலின் மேல் அவருடைய முன்சக்கரம் வழுக்கியது. வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தார். தலையில் அடிபடவில்லை, நினைவும் தப்பவில்லை. முழங்கையில் மட்டும் தோல் உரிந்து, அதில் மணல் ஒட்டியிருந்தது. எதிரே தேநீர்க் கடை வைத்திருந்த அம்மா ஓடிவந்து ஒரு பிடி காப்பித்தூளைக் காயத்தில் அப்பினார், ரத்தம் நின்றது. பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டு காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் வந்து, அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம்.

இப்போது படி இறங்கும்போதெல்லாம் அவருக்கு முழங்கால் வலிக்கிறது. மணிக்கட்டும் சற்று வீங்கியிருக்கிறது. அது வெறும் சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். எனக்கோ இரண்டு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயிருக்கின்றன. பாதி வழிக்கு மேல் மீதமிருக்கிறது. இந்தப் பயணத்துக்காக ஓராண்டாக விடுப்புச் சேர்த்து வைத்தவரிடம் திரும்பிவிடலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு வேதாரண்யம் வரையாவது போகலாமா? முழங்காலுக்கு என்ன செய்வது?

பதில்: இயன்முறையாளர்

நீங்கள் முழங்காலைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது மணிக்கட்டு. முதலில் ஒன்றைச் செய்து பாருங்கள். நண்பரைப் பெருவிரலை மேல்நோக்கி விறைப்பாக நீட்டச் சொல்லுங்கள். பெருவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு சிறு பள்ளம் தெரியும். அதில் உங்கள் விரல்நுனியால் மெதுவாக அழுத்துங்கள். அங்கே வலித்தால், படகெலும்பு என்னும் சிறிய எலும்பு முறிந்திருக்கக்கூடும் என்று கருதி இன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வலிக்காவிட்டாலும், வீக்கம் இருப்பதால் ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுவதே நல்லது.

உள்ளங்கையை ஊன்றி விழுபவர்களுக்கு முறியும் எலும்புகளில் இதுவும் ஒன்று. கை கோணிப்போகாது, வீக்கமும் பெரிதாக இருக்காது என்பதால் பலர் சுளுக்கு என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். இந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்தே வருகிறது. ஆகவே நடுவில் முறிந்தால், முன்கைப் பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் போவது தடைபடலாம். முறிவைக் கவனிக்காமல் விட்டால் எலும்பு சேராமலே போய், பிடிப்பு வலுவை நிரந்தரமாகக் குறைத்துவிடக்கூடும். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் போவதும் உண்டு. மருத்துவர் கட்டுப்போட்டு, 10 முதல் 14 நாள் கழித்து மீண்டும் படம் எடுக்கச் சொன்னால், அது வீண் செலவு என்று தட்டிக்கழிக்காதீர்கள். சுளுக்கு எடுப்பவரிடம் தயவுசெய்து போகவேண்டாம். முறிந்த எலும்பை உருவுவது கேட்டையே தரும்.

இனி முழங்கால். முன்பக்க வலிக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கும்: சீட் தாழ்ந்திருப்பது, கனமான கியரை மெதுவாக அழுத்தி மிதிப்பது. காற்று உதவியதால் நீங்கள் பெரிய கியரிலேயே இருந்தீர்கள். பழக்கமில்லாத தொலைவை ஒரே நாளில் கடந்ததும் அதோடு சேர்ந்துகொண்டது. வண்டியைச் சுவரோரம் நிறுத்தி அவரை ஏறி உட்காரச் செய்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலைக் கீழ்க்கோடிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்நிலையில் கால் ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். மடிந்திருந்தால் சீட்டைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். ஒரேயடியாக உயர்த்தினால் வலி முழங்காலின் பின்பக்கத்துக்குப் போய்விடும். சிறிய கியரில் நிமிடத்துக்கு 80 சுற்றுக்குக் குறையாமல் மிதிக்கப் பழகுவதும் முழங்காலின் சுமையைக் குறைக்கும்.

உங்கள் விரல்கள் மரத்துப்போவதற்குக் காரணம், உள்ளங்கையின் அடியில் சுண்டுவிரல் பக்கமாகச் செல்லும் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்துவது. கையின் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள், மெத்தை வைத்த கையுறை அணியுங்கள், டயரில் காற்றைச் சற்றுக் குறையுங்கள். சட்டைப் பொத்தான் போட முடியாத அளவுக்கு விரல்கள் வலுவிழந்தால் உடனே ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும்.

பதில்: செவிலியர்_மதுரை

காயத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். அந்த அம்மாவின் அன்பு பெரிது. ஆனால் காப்பித்தூளைக் காயத்தில் விடக்கூடாது. ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, ஒட்டியிருக்கும் மணலையும் தூளையும் முழுவதுமாக நீக்க வேண்டும். வலி தாங்கமுடியாவிட்டால் மருத்துவமனையிலேயே சுத்தம் செய்துகொள்ளலாம். காற்றாட விட்டுக் காயவைப்பதைவிட, ஒட்டாத காஸ் துணியால் மூடி வைத்தால் விரைவில் ஆறும். சாலை மண் பட்ட காயம் என்பதால், கடைசியாக டி.டி. ஊசி போட்டு 5 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் மீண்டும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டவேண்டாம். ஐபுப்ரோஃபென் போன்றவற்றை, வெயிலில் வியர்த்து உடலில் நீர் குறைந்த நிலையில் உட்கொண்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அதோடு, நிறுத்து என்று உடல் சொல்வதையும் அது மறைத்துவிடும்.

பதில்: நெடுஞ்சாலைத்துணை

மருத்துவம் எனக்குத் தெரியாது. உங்கள் கேள்வியில் "வாய் வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு நண்பரும் பெங்களூரிலிருந்து ராமேசுவரம் புறப்பட்டோம். நாமக்கல்லைத் தாண்டியபின், சமதளச் சாலையிலும் அவர் அடிக்கடி பெடலில் எழுந்து நின்று மிதிப்பதைப் பார்த்தேன். நல்ல உற்சாகத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில், சீட் உரசிய இடத்தில் கட்டி கிளம்பி அவரால் உட்காரவே முடியவில்லை. என் பயணம் கெட்டுவிடக் கூடாதென்று அவர் சொல்லவில்லை. அவர் மனம் கோணக்கூடாதென்று நானும் கேட்கவில்லை. திண்டுக்கல்லில் காய்ச்சல் வந்து, கட்டியைக் கீறிச் சீழ் எடுத்த பிறகுதான் இருவரும் வாய்திறந்தோம். முதல் நாளே சொல்லியிருந்தால், ஒருநாள் ஓய்வும் உலர்ந்த ஆடையும் சிறிது வாசலினும் போதுமானதாக இருந்திருக்கும்.

அதன்பின் எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டுக்கு முன், எங்கே வலிக்கிறது, பத்துக்கு எத்தனை என்று இருவரும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். தொடர்வதா, நிறுத்துவதா என்னும் முடிவு அடிபட்டவருடையது அன்று. அடிபடாதவர் நிறுத்தலாம் என்றால் நிறுத்திவிட வேண்டும். இதைப் புறப்படும் முன்பே பேசிவிடுவதால், நடுவழியில் யாரும் யாரையும் குறை சொல்ல நேர்வதில்லை. உங்கள் நண்பர் ஓராண்டாக விடுப்புச் சேர்த்தவர் என்பதாலேயே, அதை முதலில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவர் தானாகச் சொல்லமாட்டார்.

கடலோரவழி (மறுநாள்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலையே அந்தப் பள்ளத்தில் அழுத்திப் பார்த்தேன். அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மருத்துவமனையில் எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் தெரியவில்லை. ஆயினும் மருத்துவர், நீங்கள் எழுதியதைப் போலவே, பெருவிரலையும் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டு, பத்து நாள் கழித்து மீண்டும் படம் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். காயத்தைக் கழுவும்போது காப்பித்தூளுக்கு அடியிலிருந்து நெல்லின் உமி ஒன்று வந்தது. டி.டி. ஊசியும் போட்டாயிற்று.

திரும்பிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். நீ மட்டுமாவது கன்னியாகுமரி வரை போய் வா என்றார்; மறுத்துவிட்டேன். இரவு முழுவதும் அவர் பேசவில்லை. காலையில் எழுந்ததும், வண்டிகளை ரயிலில் ஏற்ற வேண்டுமானால் பார்சல் அலுவலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று அவரே கேட்டார்.

புறப்படும் முன் அவருடைய வண்டியைச் சுவரோரம் நிறுத்திச் சீட்டைச் சோதித்தோம். நான் வண்டியைப் பிடித்துக்கொள்ள, அவர் ஏறி உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தார். கீழ்க்கோடியிலும் முழங்கால் நன்றாக மடிந்தே இருந்தது. ஒரு விரற்கடைக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று சீட் தண்டில் மார்க்கரால் கோடு போட்டுவிட்டுத்தான் வண்டியைப் பார்சலில் பதிவுசெய்தோம்.