புதுப்பிப்பு: மகளோடு துப்பாக்கியால் தட்டு சுடப் போய் வந்தோம்

வேட்டை நண்பர்களோடு, பறக்கவிடும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடக் குடும்பத்தையும் கூட்டிப் போகலாமா, மகளுக்குத் தோள் வலிக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். நீங்கள் சொன்னபடி 12 கேஜ் (குழல் அளவு) துப்பாக்கியில், 24 கிராம் குண்டுகள் உள்ள லேசான தோட்டாதான். வலிக்கவே இல்லையாம்.

குறுக்கே பறந்த தட்டுகளுக்கெல்லாம் முதலில் பின்னால்தான் சுட்டாள். "குழலைப் பார்க்காதே கண்ணு, தட்டை மட்டும் பாரு. சுட்ட பிறகும் கையை நிறுத்தாதே" என்றார் மூத்த நண்பர். ஏழாவது தட்டு கரும்பொடியாகச் சிதறியது. 11 செ.மீ. அகலம்தான் அது! துள்ளிக் குதிக்காமல், துப்பாக்கியை வெடிக்க முடியாதபடி மடித்துத் திறந்துவிட்டுத்தான் எங்கள் பக்கம் திரும்பினாள். எனக்கு அதில்தான் பெரிய சந்தோஷம்.

அப்புறம், காதடைப்பானும் கண்ணாடியும் வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் சேர்த்தே எடுத்துப் போங்கள்.