புரிந்ததா என்று கேட்டேன், தலையாட்டினார்

ஹவுஸ் சர்ஜன்:
அறுவை சிகிச்சை வார்டில் எனக்கு முதல் வாரம். மறுநாள் குடலிறக்க ஆபரேஷனுக்கு இருந்த பெரியவரிடம், "இரவு பத்து மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது ஐயா" என்றேன். புரிந்ததா என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் தலையாட்டினார். காலையில் மயக்க மருத்துவரிடம், "சாப்பிடவில்லை, டீ மட்டும்தான் குடித்தேன்" என்றார். பால் கலந்த டீ என்றால் மயக்க மருந்து கொடுக்க ஆறு மணி நேரம் கழிய வேண்டும். அன்றைய பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். "தம்பி சொன்னபடிதானே இருந்தேன்" என்று என்னைப் பார்த்தார். மீசையில் டீயின் ஆடை ஒட்டியிருந்தது.

கொங்குக்காரன்:
டீ சாப்பிடலாம் வா என்றுதானே எல்லோரும் கூப்பிடுகிறோம்? அவருக்குப் புரிந்திருக்கும், ஆசையில் குடித்திருப்பார். என் மாமனாரும் இப்படித்தான், ஆபரேஷனே தள்ளிப்போனது. நீங்கள் ஒன்று செய்யுங்கள். தண்ணீர், டீ, காபி, பிஸ்கட், வெற்றிலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். புரிந்ததா என்று கேட்கவே கேட்காதீர்கள், நம் ஆட்கள் டாக்டர் முன்னால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள்?" என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். கூட இருப்பவரிடமும் சொல்லுங்கள். பிளாஸ்க் அவர் கையில்தான் இருக்கும்.

இரவுப் பணி:
நோயாளியிடம் பேசும் முறைக்கென்று 'ஏட்காம்' வகுப்புகள் வந்த முதல் பேட்ச் நாங்கள், 2019. கெட்ட செய்தி சொல்ல 'ஸ்பைக்ஸ்' என்று ஆறு படிகள். வகுப்பில் நடித்துக்காட்டிப் பாராட்டும் வாங்கினேன். முதல் படி, தனியிடத்தில் உட்கார்ந்து பேசுவது. இரவு மூன்று மணிக்கு வராந்தாவில் ஒரு ஸ்டூல்கூட இல்லை. பாயில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் நின்றபடியே சொன்னேன்: "முடிந்தவரை பார்த்தோம் அம்மா." "சரி தம்பி. விடிந்ததும் கண் விழிப்பாரா?" என்றார். இறந்துவிட்டார் என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் சொன்னேன். ஆறு படிகளில் எதுவும் நினைவில் இல்லை. பாதி உரித்த சாத்துக்குடி மட்டும் இருக்கிறது.

ஹவுஸ் சர்ஜன்:
கொங்குக்காரன் அண்ணா, ஆசையில் குடித்தவர் கேட்டதும் ஏன் ஒப்புக்கொள்கிறார்? மறைத்திருப்பாரே. குறை என்னுடையதுதான். அடுத்த வாரம் அவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது நீங்கள் சொன்னதுபோலவே டீ, காபி, வெற்றிலை என்று அடுக்குகிறேன். நேற்று ஒரு பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புகையிலை அடக்கிக்கொள்ளலாமா சாமி?" என்றார்.