கையில் ஈரம், புல்லில் வாட்டம்

முந்திரிக்காடு:
போன சித்திரையில் பார்த்தது இன்னும் மனதை அரிக்கிறது. பண்ருட்டிப் பக்கம் எங்கள் தோப்பு மணல் கலந்த செம்மண். மாமியார் ஊர் திட்டக்குடிக்கு மேற்கே, கரிசல். இரண்டு இடத்திலும் ஒரே இரவில் சின்னதாக ஒரு கோடை மழை. எட்டாம் நாள் மாமியார் ஊரில் ஆடு ஓட்டிக்கொண்டு தரிசுக்குப் போனேன். அறுகு சுருண்டு ஊசியாக நின்றது. வேரடி மண்ணைக் கிள்ளிப் பிடித்தேன், கொழுக்கட்டை மாதிரி பிடிபட்டது. ஈரம் இருக்கிறது, புல்லுக்குக் கிடைக்கவில்லை! மறுநாள் எங்கள் தோப்பில் மண் விரலிடுக்கில் உதிர்ந்தது, புல்லோ பச்சை.

திட்டக்குடிக்காரன்:
கரிசலைக் குறை சொல்லாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நன்றாகப் பெய்தால் எங்கள் மானாவாரிப் பருத்தி தை வரை அந்த ஈரத்தில்தான் நிற்கிறது. செம்மண்ணில் அது நடக்குமா? அன்று பெய்தது மேல்மண்ணை நனைத்துவிட்டு வெயிலோடு போயிருக்கும்.

பாகூர் அக்கா:
இரண்டு பேரும் பார்த்தது உண்மைதான். ஏரி வண்டல் நிரப்பிய தொட்டியில் என் கத்தரிக்கன்று வாடியது. மண் ஈரமாகத்தானே இருக்கிறது என்று தண்ணீர் ஊற்றாமல் விட்டேன், செத்தே போனது. ஏரி வண்டலும் கரிசலும் களிதான். களிமண் நீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மண்ணின் பிடி சுமார் 15 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) இழுவைக்கு மேல் போனால் பெரும்பாலான பயிர்களின் வேரால் உறிஞ்ச முடியாது. அந்த நிலையிலும் களி கையில் ஒட்டும். மணலில் தங்குவது கொஞ்சம்தான், ஆனால் பெரும்பகுதி வேருக்குக் கிடைக்கும். 20 மில்லிமீட்டர் மழை மணலில் ஏறத்தாழ ஒரு சாண் இறங்கும், வெயில் எட்டாது. களியில் நாலு விரல் இறங்கினால் அதிகம்.

வறண்ட நிலங்களைப் பற்றி இம்மானுவேல் நோய்-மெய்ர் என்ற சூழலியல் ஆய்வாளர் 1973-இல் இதைத்தான் எழுதினார். ஆண்டு மழை 300 முதல் 500 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மணல் நிலத்தில் செடி செழிக்கும், அதற்கு மேல் களி முந்தும். கடலூருக்கு ஆண்டு மழை ஆயிரத்துக்கும் மேல். அதனால் நல்ல மழை பெய்யும் ஐப்பசியில் தம்பி சொல்வது சரி. சித்திரையில் மழை சின்னது, நிலம் வறண்ட நாடு மாதிரி, அப்போது முந்திரிக்காடு சொல்வது சரி.

அப்புறம் ஒன்று. தோப்பில் உதிர்ந்த முந்திரிச் சருகைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள், மரத்தடியிலேயே பரப்புங்கள். சரிவுக்குக் குறுக்கே முழங்கால் உயரம் வரப்பு போடுங்கள். கரிசலில் புல் தலை தூக்கும்வரை ஆட்டை விடாதீர்கள், கடித்த புல்லுக்கு வேரும் குறையும்.

முந்திரிக்காடு:
அக்கா, சருகை நாங்கள் கொளுத்துவதில்லை. அந்த அறுகு அடுத்த மழைக்குத் துளிர்த்திருக்குமா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

திட்டக்குடிக்காரன்:
துளிர்த்துவிட்டது. கிழங்கு உள்ளே உயிரோடு இருந்திருக்கிறது. நேற்றுதான் பார்த்தேன்.